ஷம்ரான் தப்பியோட முயன்றபோது

பனைமர உயரம், நெருப்பு மூச்சு, நினைத்த உருவம் எடுப்பான், நிரந்தர விலாசம் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லித் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாத்தளையில் ஒரு பிடியாணை பிறந்தது. பெயர் ஷம்ரான். தொழில் ஜின். பிடியாணையை எழுதியவர்கள் சிரிக்கவில்லை. அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறியவர்களும் சிரிக்கவில்லை. சிரித்தவர் ஒரேயொருவர், பிரஸ்கார நடராஜா. சிரித்ததற்கான கூலியை அந்த மனுசன் கடைசிவரை வாங்கிக்கொண்டேயிருந்தார்.

பிடியாணை பிறந்த இடம் அபாய வாசிப்புப் பிரிவு. பலாபத்வலைக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாண ரோட்டு வளைவில், வியாபாரம் படுத்துப் பூட்டிக் கிடந்த மிளகு ஸ்டோர் ஒன்று இருந்தது. நாட்டில் யார் யார் எதை எதை வாசிக்கிறார்கள் என்று கவலைப்படுவதற்கு ஒரு காரியாலயம் வேண்டுமென்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. ஸ்டோரை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்களே தவிர, உத்தரத்தில் படிந்திருந்த மிளகுத் தூளை யாரும் தட்டவில்லை. அதனால் அங்கே விசாரிப்பவரும் தும்முவார், விசாரிக்கப்படுபவரும் தும்முவார். விசாரிப்பவர் தும்மினால் பக்கத்தில் நிற்பவர்கள் அவருக்கு ஆயுள் நீளட்டும் என்பார்கள். விசாரிக்கப்படுபவர் தும்மினால் கேள்வியைத் தட்டிக்கழித்தார் என்று எழுதிக்கொள்வார்கள்.

சரி, ஜின் எங்கிருந்து வந்தான்? ஸக்கியாவின் தலைக்குள்ளிருந்து வந்தான்.

ஸக்கியா ரியாத்தில் வீட்டு வேலைக்குப் போய் வந்தவள். பாலைவனத்தை அவள் கண்டதெல்லாம் முதலாளி வீட்டு வான் வண்டியின் பின் ஆசனத்திலிருந்துதான், அதுவும் மடியில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது. மிச்ச நாளெல்லாம் கண்டது குசினிச் சுவர். ஊருக்கு வந்தபின், தங்கச்சியின் பெண்பிள்ளைகள் இரண்டும் தூங்காமல் அடம்பிடித்தபோது சொல்லத் தொடங்கிய கதை, பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்து, அவர்கள் பெரிய வகுப்புக்குப் போகும்போது நாவலாகிவிட்டது. கனவு காண்பதே குற்றம் என்று சட்டம் போட்ட ஒரு சுல்தான். அவனுடைய செம்மணல் நகரம். நிலவறையில் சங்கிலியில் கிடக்கும் ஜின் ஷம்ரான். பதினாறு வயது நூரிய்யா அவனை விடுவிக்கிறாள். இருவரும் கோட்டையை மணலோடு மணலாக்குகிறார்கள். ஜின் பாலைவனத்துக்குள் பறந்து போய்விடுகிறான். இளசுகள் வாசிக்கிற மாயக் கதை, அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கதைக்கு முதல் பக்கத்தில் ஒரு தேசப்படம் இருந்தால் பிள்ளைகள் விரலை வைத்துப் பார்ப்பார்கள் என்று ஸக்கியா ஆசைப்பட்டாள். பிழை விட்டது அங்கேதான். அரபு தேசத்தின் வடிவம் அவளுக்கு எங்கே தெரியும்? தெரிந்ததை வரைந்தாள். சுது கங்கையை வறண்ட ஆறாக்கினாள். யட்டவத்தப் பக்கத்து மலைகளை மந்திர மலைகளாக்கினாள். ஒட்டகப் பாதை யாழ்ப்பாண ரோடு வளைகிற இடத்திலெல்லாம் தானும் வளைந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் தன்னைத் தும்ம வைத்த மிளகு ஸ்டோர் நின்ற வளைவில், பழி வாங்குகிற மாதிரி, சுல்தானின் நிலவறையை வைத்தாள். அவள் வரையும்போது ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. புத்தகம் அச்சாகி வரும்போது அங்கே காரியாலயம் இருந்தது.

அச்சடித்தவர் நடராஜா. மாத்தளை டவுனில் காலால் மிதிக்கிற பழைய பிரஸ் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடித்துப் பிழைத்தவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அதற்குமுன் ஒரு புத்தகமும் அடித்ததில்லை. எழுத்துக் கோர்க்கும்போதே கதைக்குள் விழுந்துவிட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கடைசியில அந்தப் பூதத்த மட்டும் கொன்னுடாதீங்க. நல்ல மனுசனாத் தெரியுறான்."

"கொல்ல மாட்டேன் அண்ணே" என்று ஸக்கியா சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தாள்.

பலாபத்வலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவென்று ஒரு கட்டுப் புத்தகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடராஜா பஸ்ஸில் போனார். சோதனைச் சாவடியில் பிரிவின் ஆட்கள் இறக்கினார்கள். கட்டை அவிழ்த்தார்கள். முதல் பக்கத்தில் ஆறு, மலை, ரோடு, வளைவு, வளைவில் தங்களுடைய காரியாலயம், அதன்மேல் ஒரு நெருப்புக் குறி, குறிக்குக் கீழே ஷம்ரான் என்று ஒரு பெயர்.

"யார் இந்த ஷம்ரான்?" என்று சார்ஜன் கேட்டார்.

நடராஜா சிரித்தார். "அது பூதமுங்க, சார்."

துவக்குப் பிடி வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு ரோட்டில் விழுந்தன. சார்ஜன் அவற்றைப் பொறுக்கி, சான்றுப் பொருள் என்று ஒரு பொலித்தீன் பையில் போட்டார்.

நடராஜாவைக் காரியாலயத்துக்குக் கொண்டுபோன செய்தி கேட்டதும் ஸக்கியா பர்தாவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். நடராஜாவின் மனைவி கமலாட்சி சோற்றுப் பார்சலோடு கேட்டடியில் நின்றாள். இவளைக் கண்டதும் கமலாட்சி கையைப் பிடித்துக்கொண்டாள். ஸக்கியாவுக்குத் தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

"எழுதினது நான் சேர்" என்றாள் உள்ளே போய். "அவர் அச்சடிச்சுக் குடுத்தது மட்டும்தான். ஒரு வரி கூட அவருட இல்ல. பிடிக்கிறதெண்டா என்னப் பிடிங்க."

பிரிவின் பணிப்பாளர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி காட்டினார். தேத்தண்ணி வந்தது, கடிக்கக் கல்பனிஸ் வந்தது. வழுவழுவென்று சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. அவர் பேசியது சிங்களம், அதிலும் சுற்றறிக்கைச் சிங்களம். வீட்டில் பெண்சாதியிடமும் அப்படித்தான் பேசுவாரோ என்னவோ.

"நோனா, தங்களுடைய நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆயினும் தங்களுடைய பெயர் இந்தக் குற்றத்துக்குப் பொருந்தவில்லை. நடராஜா என்ற பெயர் மிகவும் பொருந்துகிறது. பொருந்துகிற பெயர் கைவசம் இருக்கும்போது பொருந்தாத பெயரைத் தேடிப் போவது பொதுப்பணத்தை விரயமாக்குவதாகும்."

பின்கட்டிலிருந்து ஒரு அலறல் வந்தது. ஸக்கியா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது என்ன சேர் சத்தம்?"

"அவர் உண்மையை நெருங்கிக்கொண்டிருக்கிறார்" என்றார் பணிப்பாளர். "கல்பனிஸ் எடுத்துக்கொள்ளுங்கள்."

புத்தகத்தைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டும் வேலை பதுர்தீனுடையது. மாத்தளை ஆள், ஸக்கியாவின் வாப்பாவைத் தெரிந்தவன், அங்கே மொழிபெயர்ப்பாளன். காலையில் ஒரு அத்தியாயம் வாசிப்பான், பகலில் அந்த அத்தியாயத்தை வைத்து நடராஜாவை விசாரிப்பார்கள். அத்தியாயம் நீளமானால் அடியும் நீளும். அத்தியாயங்களைச் சின்னதாக எழுதாமல் போனேனே என்று ஸக்கியா அழுதாள். உலகத்தில் வேறெந்த எழுத்தாளருக்கும் அப்படியொரு கவலை வந்திருக்காது.

தினமும் அவளை வரச் சொன்னார்கள், தினமும் போனாள். தினமும் கமலாட்சி கேட்டடியில் பார்சலைக் கொடுத்தாள். அதை வாங்கிய சார்ஜன் நடராஜாவிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுத் தானே சாப்பிட்டார். ஒருநாள் கருவாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று கமலாட்சியிடமே குறையும் சொன்னார்.

ஏழாம் அத்தியாயம் வாசித்த அன்று பணிப்பாளர் கடுகடுவென்றிருந்தார்.

"நோனா, இதில் சுல்தானின் ஆட்கள் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். மிளகாய்ப் புகை போடுகிறார்கள். இந்தத் தகவலைத் தங்களுக்குக் கொடுத்தது யார்?"

"யாரும் குடுக்கல்ல சேர். கொடுமக்காரச் சுல்தான் ஒருத்தன் என்னென்ன செய்வான் எண்டு யோசிச்சு எழுதினன்."

"எமது உள்ளக நடைமுறை வெளியே கசிந்திருக்கிறது!" அவர் மேசையில் குத்தினார். உத்தரத்திலிருந்து மிளகுத் தூள் கொட்டியது, எல்லோரும் தும்மினார்கள். "கயிற்றின் நீளத்தைக்கூடச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சுல்தான் யார்?"

"கதைல வார சுல்தான்."

"அப்படியானால் அவன் ஏன் எங்களைப் போல நடந்துகொள்கிறான்?"

பதுர்தீன் கூரையைப் பார்த்தான். சுல்தான் எங்களை அவமதிக்கிறான் என்று பணிப்பாளர் முடிவு செய்தார். சுல்தானுக்கும் ஒரு பிடியாணை தயாரானது. பிறகு யாரோ காதில் ஏதோ சொல்ல, அது கிழிக்கப்பட்டது. சுல்தான் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவன் என்பதால் விட்டுவிட்டார்களாம்.

பல்லெல்லாம் போனபின், விரல் நகமெல்லாம் போனபின், நடராஜா ஒத்துக்கொண்டார். "ஆமாங்க, நான்தான் ஷம்ரான்."

பிரிவில் கேக் வெட்டினார்கள். பிறகுதான் சிக்கல் வந்தது. புத்தகத்தில் ஷம்ரான் பனைமர உயரம். நடராஜா ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே உருவத்தை மறைத்தல் என்று இன்னொரு குற்றம் சேர்ந்தது, பழைய உயரத்துக்குத் திரும்பச் சொல்லி அடித்தார்கள். அவர் திரும்பவில்லை. புத்தகத்தில் ஷம்ரான் பறப்பான். ஆகவே மிளகு மூட்டை இறக்குகிற பரணுக்கு அவரை இழுத்துப் போய், அங்கிருந்து தள்ளினார்கள். அவர் பறக்கவில்லை. இடது கால் முறிந்து எலும்பு வெளியே வந்தது.

"பறக்க முடிந்தும் பறக்கவில்லை" என்று பணிப்பாளர் சொல்லி எழுதச் சொன்னார். "அதியுயர் பயிற்சி பெற்றவர்."

அன்று கதவிடுக்கு வழியாக ஸக்கியா அவரைக் கண்டாள். சிமெந்துத் தரையில் கிடந்தார். முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அவளை அடையாளம் கண்டு, எதையோ சொல்ல வாயெடுத்துத் தும்மினார். தும்மியதற்காகப் பூட்ஸ் கால் ஒன்று விலாவில் விழுந்தது.

அல்லாஹ்வே, இந்த மனுசன உயிரோட வெளிய எடுத்துத் தா, இனி நான் பேனையே தொடமாட்டேன் என்று அவள் மனதுக்குள் கதறினாள்.

ஆனால் அவளைப் பேனை தொடச் சொன்னார்கள். கடைசி அத்தியாயம் வாசித்து முடிந்திருந்தது. ஜின் கோட்டையை உடைத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் பறந்து போவதைப் பணிப்பாளரால் தாங்க முடியவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லையாம், கண் சிவந்திருந்தது.

"இந்த முடிவு சட்டவிரோதமானது. காவலில் இருக்கும் ஒருவர் தப்பிப்பதாக எழுதுவது காவலை அவமதிப்பதாகும். தாங்கள் வேறு முடிவு எழுதித் தர வேண்டும். அதில் ஷம்ரானின் அத்தியாயம் நிரந்தரமாக மூடப்பட வேண்டும்."

ஸக்கியாவின் மூளைக்குள் எதுவோ பளிச்சென்றது. "எழுதித் தந்தா நடராஜா அண்ணன விடுவீங்களா?"

"ஷம்ரான் வேறொரு இடத்தில் அகப்பட்டுவிட்டால், நடராஜாவை வைத்திருக்க எமக்குக் காரணமில்லை. நாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள்."

அந்தப் பக்கத்தில் பேய் பிடித்தால் என்ன செய்வார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முஸ்லிம் வீட்டில் லெப்பை வருவார், தோட்டத்தில் பூசாரி வருவார், சிங்களக் கிராமத்தில் கட்டாடியா வருவார். ஓதுவது வேறு வேறு. கடைசியில் மூவரும் கேட்பது ஒரே சாமான்தான், ஒரு வெறும் போத்தல். பிடித்ததைப் போத்தலில் அடைத்து, மூடி, ஓடுகிற தண்ணீரில் விட்டால் காரியம் முடிந்தது. அதற்குமேல் எந்தச் சாதிக்காரனும் கேள்வி கேட்கமாட்டான். மாத்தளையில் எல்லோரும் ஒற்றுமையாக நம்பிய ஒரேயொரு விஷயம் அது.

ஸக்கியா அதையே எழுதினாள். நூரிய்யா ஷம்ரானைப் போத்தலுக்குள் அழைக்கிறாள், அவன் புகையாகி இறங்குகிறான், மூடி விழுகிறது. எழுதும்போது கண்ணீர் தாள்மேல் சொட்டியது. கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள்தானே? அடைக்கிறதுதான் அண்ணே, கொல்லல்ல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பதுர்தீன் வாசித்து முடித்ததும் ஸ்டோருக்குள் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. சார்ஜன் தங்கள் ஊர்க் கட்டாடியாவும் இப்படித்தான் செய்வாரென்றார். பணிப்பாளர் உடனே கன்டீனிலிருந்து, ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரியின் வெறும் போத்தல் ஒன்றை எடுத்துவரச் செய்தார். அதைக் கழுவி, நடராஜாவின் வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஊதச் சொன்னார்கள். ஊத உதடு ஒத்துழைக்கவில்லை. ஒரு சொட்டு இரத்தமும் கொஞ்சம் மூச்சும் உள்ளே போயின. படக்கென்று கார்க்கால் மூடி, அரக்கு வைத்து, காரியாலய முத்திரை குத்தினார்கள். சிவப்பு நூல் கட்டும்போது சார்ஜனின் கை உதறியது. துவக்கைப் பிடிக்கும்போது ஒருநாளும் உதறாத கை.

"இன்று எமது பிரிவின் பொன்னாள்" என்று பணிப்பாளர் பேசினார். "பிற நாடுகள் ஆட்களை மட்டுமே சிறைப்பிடிக்கின்றன. நாங்கள் இல்லாதவர்களையும் சிறைப்பிடித்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். ஸக்கியாவும் தட்டினாள். வெளியே ஓடிப்போய்க் கமலாட்சியைக் கட்டிக்கொண்டாள். "விடுறாங்களாம் அக்கா! நாளக்கிக் காலையில வீட்டுக்கு வந்துடுவாரு." கமலாட்சி அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள்.

மறுநாள் காலையில் கமலாட்சி கணவரின் வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். முன்கேட்டில் இரண்டு பேரும் நின்றார்கள். ஜீப் ஒன்று உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. நடராஜாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்னால் ஏற்றினார்கள். மடியில் அந்தப் போத்தலை வைத்தார்கள்.

"சேர், விடுறதாத்தானே சொன்னீங்க?" ஸக்கியா கத்தினாள்.

பணிப்பாளர் முன் ஆசனத்திலிருந்து தலையை நீட்டினார். "விட்டாயிற்று நோனா. நடராஜா இப்போது சுதந்திரமான குடிமகன். ஆனால் ஷம்ரான் எமது கைதி. கைதியானவர் ஆயுதங்களை மறைத்து வைத்த இடத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் செல்லப்பட வேண்டும். எல்லாக் கைதிகளையும் அப்படித்தான் அழைத்துச் செல்கிறோம், ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் குறை சொல்வார்கள். கைதிக்குக் கால் இல்லை. தூக்கிக்கொண்டு நடக்க ஒரு பொதுமகனின் உதவி தேவைப்படுகிறது. எமது ஆட்கள் அதைத் தொடப் பயப்படுகிறார்கள்."

"அவருக்கும் நடக்கக் கால் இல்லயே, சேர்!"

ஜீப் போய்விட்டது. நடராஜா திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாரோ, கமலாட்சியைப் பார்த்தாரோ. போத்தல் கீழே விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுது கங்கைப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று இரண்டல்ல, பொரி பொரிகிற மாதிரி விடாமல் கேட்டது. ரோட்டில் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். கமலாட்சி சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியபின் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பணிப்பாளரின் மேசையில் போத்தல் இருந்தது. ஒரு கீறல் இல்லை. அரக்கு உடையவில்லை, முத்திரை கலையவில்லை. வெளிப்புறத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. பணிப்பாளர் எழுந்து நின்று அறிக்கையை வாசித்தார்.

"ஆயுதங்களைக் காட்டச் சென்ற வேளையில் ஷம்ரான் என்பவர் போத்தலிலிருந்து தப்பியோட முயன்றார். படையினர் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. ஷம்ரான் போத்தலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறார். நடராஜா என்ற பொதுமகன், படையினருக்கும் போத்தலுக்கும் நடுவில் அனுமதியின்றி நின்றதால் உயிரிழந்தார். அவருடைய ஒத்துழைப்புக்குப் பிரிவு நன்றி தெரிவிக்கிறது. அவர் கையில் இருந்த பொருள் உறவினரிடம் ஒப்படைக்கப்படுகிறது."

அவர் போத்தலை ஒரு துண்டால் பிடித்து, கையை எட்ட நீட்டி, கமலாட்சியின் பக்கம் தள்ளினார்.

"ஆத்துல போட்டுவிடு அம்மா" என்றார் சார்ஜன் கதவடியிலிருந்து. "மூடியத் தொடாத."

கமலாட்சி போத்தலைக் கையில் எடுத்தாள். இரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு, காய்கறிக்காரியிடம் தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பது போல ஒருமுறை ஆட்டினாள். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அரக்கை நகத்தால் பெயர்த்தாள்.

"வேணாம்! வேணாம்!" சார்ஜன் வெளியே பாய்ந்தார். துவக்கு கீழே விழுந்தது. காவலாளிகள் ஜன்னலால் குதித்தார்கள். பதுர்தீன் ஓதத் தொடங்கினான். பணிப்பாளர், மடிப்புக் கலையாத சட்டையோடு, மேசைக்குக் கீழே போய்விட்டார். ஊரையே நடுங்க வைத்த காரியாலயம் ஒரு வினாகிரிப் போத்தலுக்கு முன்னால் காலியாகிவிட்டது.

கார்க் கழன்றது. கமலாட்சி ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள்.

"வினாகிரி வாசந்தான் வருது" என்றாள். பிறகு குனிந்து, மேசைக்குக் கீழே இருந்தவரிடம் போத்தலை நீட்டினாள். "நீங்களே எட்டிப் பாருங்க சார். உள்ள ஒண்ணுமே இல்ல. இந்த ஒண்ணுமில்லாததுக்கா எம் புருசனச் சுட்டீங்க?"

மேசைக்குக் கீழிருந்து ஒரு தும்மல் மட்டும் வந்தது.

அவள் போத்தலைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். ஸக்கியா பின்னால் ஓடினாள். கேட்டில் தடுக்க யாருமில்லை. ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த சார்ஜன், "மூடியக் குடுத்துட்டுப் போ! மூடியக் குடு!" என்று கெஞ்சினார். கமலாட்சி திரும்பவில்லை.

ஆற்றுப் பாலத்தில் ஸக்கியா அவளை எட்டிப் பிடித்தாள். "அக்கா, அவர் கேட்டது ஒண்டே ஒண்டு. பூதத்தக் கொல்ல வேணாமெண்டுதான். நான்தான் அத அடைச்சன். நான்தான்." அவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

கமலாட்சி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க பூதத்தத்தான் அடைச்சீங்க தங்கச்சி. அவங்க மனுசனக் கொன்னாங்க."

அவளுடைய மற்றக் கைக்குள் அந்தக் கார்க் இருந்தது. அதை ஓடுகிற தண்ணீரில் எறிந்துவிட்டு, வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு, கணவரின் உடம்பைக் கேட்பதற்கு ஆஸ்பத்திரி ரோட்டில் நடந்தாள்.